ஒட்டகச்சிவிங்கியில் கணக்கு எங்கே?

ஜூலை 8, செவ்வாய்

இன்றைக்கும் என் பீரியடை எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டது வேறு யாருமில்லை, என் மனைவி.

ஆறாம் வகுப்பு ஆ பிரிவு, கடைசி பீரியட். கலர்ப் பெட்டியும் தாளுமாகப் போய் வாசலில் நின்றால், கரும்பலகை முழுக்க விகிதக் கணக்கு. இவள் சாக்பீஸோடு திரும்பி, பிள்ளைகள் எதிரில் மட்டும் வைத்துக்கொள்ளும் அந்த மரியாதைக் குரலில், "சார், இந்தப் பீரியட் மட்டும் நான் எடுத்துக்கட்டுமா?" என்றாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் குப்பை கொட்டியவள். முடியாது என்று சொல்ல வாய் வருமா? தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஸ்டாஃப் ரூமில் பி.டி. மாஸ்டர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அவர் பீரியடை அறிவியல் கொண்டுபோய்விட்டதாம். "நாம ரெண்டு பேரும் ஸ்பேர் டயர், மாஸ்டர். ஆனா பஞ்சர் ஆனாக்கூட நம்மள மாட்ட மாட்டாங்க" என்றார். சிரித்தோம். சிரிக்காமல் என்ன செய்வது?

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஆ பிரிவுக்கு விகிதம் மண்டையில ஏறவே மாட்டேங்குதுங்க. ஒரு பீரியட்தானே, என்ன கொறஞ்சு போச்சு?"

"எனக்கு வாரத்துக்கே ஒண்ணுதான்."

மகள் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு எழுந்து போனாள். காலேஜில் சேர்ந்ததிலிருந்து எங்கள் சண்டை அவளுக்குப் போரடிக்கிறது. எனக்கும்தான்.

ஜூலை 9, புதன்

தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். குழாய் ஒழுகினால்கூட சுற்றறிக்கை விடுகிறவர் — அதனால் எங்கள் எல்லோருக்கும் அவர் 'சுற்றறிக்கை'. அப்படிப்பட்டவர் நேரில் கூப்பிட்டால் நல்ல செய்தியாக இருக்காது என்று போகும்போதே தெரியும்.

நிர்வாகம் கேட்கிறதாம்: பரீட்சை இல்லாத பாடத்துக்கு எதற்குத் தனியாக ஒரு ஆசிரியர்? இந்தப் பருவம் முடிவதற்குள் ஓவிய வகுப்பால் படிப்புக்கு என்ன லாபம் என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் என் வேலையை 'மறுபரிசீலனை' செய்வார்கள். என்ன அழகான வார்த்தை. கழுத்தில் கத்தி வைப்பதற்கு முன்னால் சட்டைக் காலரைச் சரிசெய்துவிடுகிற மாதிரி.

எங்கிருந்துதான் வந்ததோ, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "மேடம், பசங்கள வெச்சுப் பெரிய பெரிய மிருகச் சிற்பம் செய்யப்போறேன். கம்பி, காகிதக் கூழ். அளக்கணும், வகுக்கணும், எலும்பு எண்ணணும். அதுல கணக்கு இருக்கு, அறிவியல் இருக்கு, எல்லாம் இருக்கு."

'கணக்கு இருக்கு' என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்தேன். பார்த்ததும் அந்தப் பிடியையே பிடித்துக்கொண்டேன். "சொல்லப்போனா இது ஓவியமே இல்ல மேடம். கையால போடற கணக்கு."

வாரத்துக்கு இரண்டு பீரியட், சேர்ந்தாற்போல் கிடைத்திருக்கிறது. வெளியே வரும்போது நடை கொஞ்சம் துள்ளலாகவே இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

சுற்றறிக்கை வந்துவிட்டது. ஆ பிரிவு சிற்பம் செய்யும். அ பிரிவு செய்யாது. பருவ முடிவில் இரண்டுக்கும் ஒரே கேள்வித்தாள். எது மேலே இருக்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டு பிரிவுக்கும் கணக்கு எடுப்பது யார்? தாள் தயாரிப்பது யார், திருத்துவது யார்? எல்லாம் இவள்.

ஆக என் பிழைப்பு இவள் சிவப்புப் பேனாவில்.

துணி மடிக்கும்போது சொன்னாள்: "ஒரு மார்க் கூடக் கூட்டிப் போட மாட்டேன். சொல்லிட்டேன்."

"நான் கேட்டேனா?"

"கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்."

மாட்டாள். நன்றாகத் தெரியும். சொந்த மகளையே கணக்கில் ஃபெயிலாக்கியவள்.

ஜூலை 21, திங்கள்

என்ன மிருகம் என்று பிள்ளைகளிடமே விட்டேன். முயல், ஆமை என்று கைக்கு அடக்கமாக ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்தேன். முப்பத்தைந்து தொண்டையும் ஒன்றாகக் கத்தியது: ஒட்டகச்சிவிங்கி! சரி, விதி.

நிஜத்தில் பாதி உயரம் வைக்கலாம் என்று முடிவாயிற்று. சுவரில் கோடு போட்டுப் பார்த்தால் தலை நேராக மின்விசிறிக்குள் போகிறது. அந்த வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், நான் 'சந்தேகம்' என்று கூப்பிடுவேன்; அவளுக்கும் அந்தப் பெயர் பிடிக்கும். எழுந்து நின்றாள். "சார், கழுத்தை மட்டும் வெட்டிச் சின்னதாக்கிட்டா?"

"ஆக்கு. என்ன வருது, நீயே வரைஞ்சு பாரு."

வரைந்தாள். குதிரைக்கு ஏதோ நோய் வந்த மாதிரி ஒன்று வந்தது. வகுப்பே உருண்டு சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ கழுத்து எத்தனை மடங்கு கொறையுதோ, காலும் அத்தனை மடங்கு கொறையணும். வாலும். காதும்" என்றாள். மூன்றில் ஒன்று என்று முடிவு செய்தார்கள். ஆளாளுக்கு ஸ்கேலை எடுத்துக்கொண்டு வகுத்தார்கள். யாரும் இதை விகிதம் என்று அவர்களிடம் சொல்லவில்லை.

பிறகு எலும்பு. நம் கழுத்தில் ஏழு, ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே ஏழுதான் என்றேன். நம்பவில்லை. ஒருவன் கழுத்தை ஒருவன் தடவி எண்ணிப் பார்க்கிறேன் என்று கிச்சுகிச்சு மூட்டி ரகளை. பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

நன்றாக இருந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நன்றாக இருந்தது.

ஜூலை 30, புதன்

வராந்தாக் கடைசியில் எங்களுக்கு ஒதுக்கிய காலி அறையில் கம்பி எலும்புக்கூடு எழுந்து நின்றுவிட்டது. இனிமேல் காகிதம். மாவுப் பசை காய்ச்சிக் கொண்டுபோனேன். தரையெல்லாம் பசை, எறும்பு வேறு. கூட்டுகிற அம்மா என்னைக் கண்டாலே துடைப்பத்தை ஓங்கித் தட்டுகிறார்.

பழைய காகிதம் கேட்டதற்கு இவள் ஒரு மூட்டை கொடுத்தாள். நாலைந்து வருஷத்து விடைத்தாள்கள். கிழித்து, பசையில் தோய்த்து, வயிற்றில் ஒட்டுகிறோம். எந்தப் பக்கம் பார்த்தாலும் இவளுடைய சிவப்பு மை. யாரோ வாங்கிய முட்டை ஒன்று சரியாக ஒட்டகச்சிவிங்கியின் தொப்புளில் போய் உட்கார்ந்தது. பையன்கள் அதை மூடவே விடவில்லை. நானும் விட்டுவிட்டேன். மேலே இன்னும் மூன்று அடுக்கு வரும், யாருக்குத் தெரியப்போகிறது.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் போய்ப் பார்த்தால் ஒட்டகச்சிவிங்கி ஜன்னல் பக்கம் சாய்ந்து நிற்கிறது. தெருவில் போகிறவரிடம் விலாசம் கேட்பது போல. இரண்டு பெண்கள் அழுதேவிட்டார்கள்.

தப்பு என்னுடையது. ஜன்னலோரம் வைத்துவிட்டு நாலு நாள் அசைக்காமல் இருந்துவிட்டேன். வெயில் படுகிற பக்கம் முதலில் காய்கிறது. காய்கிற பக்கம் சுருங்குகிறது. சுருங்குகிற பக்கம் மொத்த உடம்பையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. எவ்வளவு தடித்த கம்பி போட்டாலும் அதற்கு முன்னால் நிற்காது. இரண்டு காலை அறுத்து மறுபடி கட்டினோம்.

இனிமேல் தினமும் காலையில் மணி அடித்ததும் அதைத் திருப்பி வைக்க வேண்டும் என்று சொன்னேன். இன்று ஜன்னலைப் பார்த்தால் நாளை கதவு, மறுநாள் கரும்பலகை, அப்புறம் பின்சுவர். "காய்ஞ்சு முடியற வரைக்கும் ஒரு நாள்கூட விடக்கூடாது. விட்டா சாயும்."

"ஞாயித்துக்கிழமை சார்?" என்றாள் சந்தேகம்.

"சனிக்கிழமையே ஜன்னலைச் சாத்திட்டுப் போகணும்."

முறை போட்டுக்கொண்டார்கள், நாளுக்கு நாலு பேர். கோயில் தேர் தோற்றது, அப்படி ஒரு ஆர்ப்பாட்டம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சுற்றறிக்கை பார்க்க வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சுற்று வந்துவிட்டு, "எல்லாம் சரி சார், இதுல கணக்கு எங்கே?" என்றார்.

தயாராக இருந்தேன். ஒருவன் கால் அளவைச் சொன்னான். ஒருத்தி ஏழு எலும்பைச் சொன்னாள். இன்னொருவன் ஒரு லிட்டர் பசைக்கு மாவும் தண்ணீரும் எத்தனைக்கு எத்தனை என்று ஒப்பித்தான். அவர் தலை ஆடிக்கொண்டே இருந்தது.

அந்த நேரம் பார்த்து சந்தேகம் எழுந்தாள். "சார், நாம சும்மா உருண்டையாத்தானே கண்ணு வெச்சோம். அது ஏன் அழற மாதிரி பாக்குது?"

நல்ல கேள்வி. இந்தப் பருவத்திலேயே நல்ல கேள்வி. இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளை என்னிடம் கேட்க மாட்டாளா என்று நான் காத்திருந்த கேள்வி. ஆனால் அதில் கணக்கு இல்லை, அறிவியலும் இல்லை. சுற்றறிக்கையின் தலை ஆட்டம் நின்றுவிட்டது.

"அதெல்லாம் அப்புறம் சொல்றேன். நீ கழுத்தோட நீளத்தைச் சொல்லு" என்றேன்.

சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். உட்கார்ந்துவிட்டாள்.

பி.டி. மாஸ்டர் வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "என்ன மாஸ்டர், வாய்க்கு வாய் கணக்கு கணக்குங்கறீங்க. உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கப்போறீங்க."

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் காட்ட என்ன இருக்கிறது, ஒரு விசிலும் மூன்று பந்தும்.

செப்டம்பர் 3, புதன்

ஒட்டகச்சிவிங்கி முடிந்து, ஆமையும் முடிந்தது. பெரிய ஆமை, மேலே ஒரு பிள்ளை உட்காரலாம். இன்று மதியம் என் வகுப்புக்குப் போனால் இவள் ஆமைக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் பிள்ளைகள். ஓட்டிலுள்ள அறுகோணங்களை விரலால் தொட்டுத் தொட்டுக் கோணம் சொல்லிக்கொண்டிருந்தாள். சேலையில் பெயின்ட் ஒட்டியிருப்பதைக்கூடப் பார்க்கவில்லை. இவள் தரையில் உட்கார்ந்து நான் பார்த்து எவ்வளவு காலமாயிற்று.

இரவு சாப்பிடும்போது, "ஒரே தடவைல புரிஞ்சுக்கிச்சுங்க. நான் ரெண்டு வாரமா போர்டுல கத்திக்கிட்டிருந்தது, தொட்டுப் பாத்ததும் புரிஞ்சிருச்சு" என்றாள். கண்ணில் ஒரு வெளிச்சம்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். "அது உன் பீரியடா, என் பீரியடா?" என்றேன்.

கை தட்டிலேயே நின்றது. "உங்க பீரியட்தான்" என்றாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

பரீட்சை. கேள்வித்தாளை வீட்டில் எங்கே வைத்தாள் என்றே கடைசி வரை தெரியவில்லை. தேடினேனா? தேடினேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

ஆ பிரிவு மேலே. கொஞ்சநஞ்சமில்லை, எட்ட முடியாத உயரத்தில். விகிதத்திலும் அளவையிலும் அ பிரிவு பக்கத்திலேயே வரவில்லை. அறிவியலிலும் அப்படித்தானாம்.

அடுப்படியில் நின்றபடியே சொன்னாள். "நெசமாவே ஏறியிருக்குங்க. முதல் தடவை திருத்தினப்போ நம்பல. வேற பேனாவ எடுத்து மறுபடி திருத்தினேன்."

பாராட்டு என்றால் இவள் கணக்கில் இதுதான் பாராட்டு. கடைக்குப் போய் ஐஸ்கிரீம் வாங்கி வந்தேன். மகள்கூட ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "என்னப்பா, ரெண்டு பேரும் சிரிக்கறீங்க, பயமா இருக்கு" என்றாள்.

பிழைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

ஆசிரியர் கூட்டம்.

எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கே நம்பிக்கை வரும்.

முதலில் சுற்றறிக்கை என்னை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நிர்வாகம் அசந்துவிட்டதாம். அடுத்த பருவத்திலிருந்து எல்லா வகுப்பிலும் மிருகச் சிற்பம் செய்யப்போகிறார்களாம். மறுபடி கைதட்டல். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அப்புறம் சொன்னார்: இது கணிதப் பாடத்தின் ஒரு பகுதியாக இருக்கும். பொறுப்பு, கணக்கு டீச்சர். ஓவியத்துக்கென்று இனித் தனிப் பீரியட் கிடையாது. "ஆகவே சாரோட பணி இந்த மாசத்தோட நிறைவடையுது. அவரோட சேவைக்கு நம்ம எல்லாரும்..." மூன்றாவது கைதட்டல். அது கொஞ்சம் மெதுவாக வந்தது.

பிறகு அவர் அறைக்குப் போய்க் கேட்டேன். கெஞ்சினேன் என்று எழுதுவதுதான் சரி. "மேடம், இதை ஆரம்பிச்சதே நான்தானே. எனக்குத்தானே இது தெரியும்?"

அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே புரியாமல் என்னைப் பார்த்தார். "நீங்கதானே சார் சொன்னீங்க, இது ஓவியமே இல்ல, கணக்குன்னு?"

நானே சொன்னேன். நாளுக்கு நாலு தடவை சொன்னேன். பிள்ளைகள் வாயாலும் சொல்ல வைத்தேன். என் பாடம் எனக்கே வெட்கமாக இருந்ததைப் போல அதன் பெயரை மறைத்து, வேறொரு பாடத்தின் பெயரை ஒட்டி விற்றேன். வாங்கியவர்கள் பெயரைப் படித்துவிட்டு உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவுதானே?

அக்டோபர் 14, செவ்வாய்

"நான் கேக்கலைங்க" என்றாள்.

"வேணாம்னு சொன்னியா?"

மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"சொன்னியான்னு கேக்கறேன்."

"சொல்லி? என்னையும் அனுப்பிட்டா? ரெண்டு பேரும் வீட்ல உக்காந்துக்கிட்டு பொண்ணு படிப்பை எப்படிப் பாக்கறது? சொல்லுங்க. நீங்க சொல்லுங்க."

சரிதான். அவள் சொல்வது எப்போதும் சரிதான். இரண்டு தடவை திருத்தியது அல்லவா. ஆனால் ஒரு வார்த்தை — அந்தக் கூட்டத்தில் எழுந்து, 'மேடம், எனக்கு இது தெரியாது, அவருக்குத்தான் தெரியும்' என்று ஒரு வார்த்தை. ஒண்ணே ஒண்ணு. அதுகூட வரலையே உனக்கு? மூணாவது தடவை கை தட்டினப்போ நீயும் தட்டினியே, நான் பாத்தேன்டி. பாத்தேன்.

சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

அக்டோபர் 31, வெள்ளி

கடைசி நாள். பீரோ சாவி, பிரஷ், கம்பிவெட்டி எல்லாம் ஒப்படைத்தேன். பெற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டவள் இவள். ஒப்படைக்கிறவருக்கும் பெறுகிறவருக்கும் ஒரே விலாசம் என்று ஆபீஸ் பையன் சிரித்தான்.

செய்முறை முழுவதையும் கணக்கு டீச்சருக்குச் சொல்லிக்கொடுக்கும்படி சுற்றறிக்கையின் உத்தரவு. சொல்லிக்கொடுத்தேன். ஆமையின் பக்கத்தில் இரண்டு பேரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். காலுக்கு எந்தக் கம்பி, கழுத்துக்கு எந்தக் கம்பி. காகிதத்தை வெட்டக்கூடாது, கிழிக்க வேண்டும். ஒரு அடுக்கு காயாமல் அடுத்ததை ஒட்டக்கூடாது. இவள் நல்ல மாணவி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. தினமும் திருப்பி வைக்க வேண்டும் என்பதை. நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். ஆகஸ்ட்டில் சாய்ந்தது இவளுக்குத் தெரியாது. பார்க்க வந்தபோது அது நேராக நின்றது. சாயட்டும். எல்லாம் கணக்குதானே, கணக்கு போட்டு நிமிர்த்தட்டும். சுற்றறிக்கையும் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்கட்டும், சாய்வதில் கணக்கு எங்கே என்று கேட்கட்டும்.

அற்பம். தெரியும். இருக்கட்டும், என்னிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

வாசலில் சந்தேகம் ஓடி வந்தாள். "சார், அந்தக் கண்ணைப் பத்தி அப்புறம் சொல்றேன்னீங்களே."

"டீச்சர்கிட்ட கேளு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

வேலை கிடைத்துவிட்டது. ஃபைபர் பொம்மைப் பட்டறை. பூங்காவுக்கும் கடைத்தெருவுக்கும் பென்குயின் குப்பைத்தொட்டி செய்கிறார்கள். வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், குப்பையை அதில் போட வேண்டும். அச்சில் வார்த்து வருகிற பென்குயினுக்குக் கண் வரைவது என் வேலை. நானும் மிருகச் சிற்பத் துறையில்தான் இருக்கிறேன் என்று பி.டி. மாஸ்டரிடம் போனில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

இவள் அடுத்த பருவம் வரை காத்திருக்கவில்லை. ஆ பிரிவில் இப்போதே கரடி ஆரம்பித்துவிட்டாளாம், இரண்டு காலில் நிற்கிற கரடி. கையெல்லாம் காய்ந்த பசையோடு வருகிறாள். உரித்துப் போடும்போது சோற்றுக்குப் பக்கத்தில் விழுகிறது.

"பசை நாறுதுங்க. நீங்க வெச்சப்போ இவ்வளவு நாறலையே?"

"உப்புப் போடு" என்றேன்.

அதைச் சொன்னேன். அதை மட்டும்.

நவம்பர் 20, வியாழன்

கரடியின் மேல் அடுக்கு ஒட்டியாகிவிட்டது, ஜன்னலோரம்தான் நிற்கிறது. பேச்சுவாக்கில் விசாரித்தேன். என் கணக்குப்படி இந்நேரம் சாய ஆரம்பித்திருக்க வேண்டும். இரண்டு காலில் நிற்பதல்லவா, ஒட்டகச்சிவிங்கியைவிட மோசமாகச் சாயும்.

தினமும் இவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் முகத்தைப் பார்க்கிறேன். அழுதிருக்கிறாளா, கோபமாக இருக்கிறாளா. "கரடி எப்படி இருக்கு?" "நல்லா இருக்கு." அவ்வளவுதான்.

இன்று பட்டறையில் ஒரு பென்குயினுக்கு மேல் இமையை ஒரு நூல் அளவு இறக்கி வரைந்தேன். அவ்வளவுதான் செய்தேன். உடனே அது அழுகிற மாதிரி பார்க்க ஆரம்பித்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய பதில் இந்த ஒரு நூல்தான். ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம்.

மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "என்ன மாஸ்டர், குப்பை போட வர்றவன் பாவப்பட்டுப் போடாம போயிடுவான்" என்றார். அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன்.

நவம்பர் 27, வியாழன்

இன்னும் சாயவில்லை. எப்படி?

டிசம்பர் 3, புதன்

இவளே பேச்சை எடுத்தாள். சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். மகள் அவள் அறையில்.

"கரடி காய்ஞ்சிருச்சுங்க. நாளன்னைக்குப் பெயின்ட்."

"நேரா இருக்கா?" வாய் தவறி வந்துவிட்டது.

என்னைப் பார்த்தாள். விடைத்தாளில் விடை சரியாக இருந்து வழிமுறை இல்லாவிட்டால் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"தினமும் காலைல நான் போறதுக்குள்ள அது வேற பக்கம் பாத்துக்கிட்டு நிக்குது. மொதல்ல கூட்டற அம்மா தள்ளி வெக்கறாங்கன்னு நெனச்சேன். இன்னைக்குச் சீக்கிரமா போனேன். நாலு புள்ளைங்க ஆளுக்கொரு பக்கம் புடிச்சுத் திருப்பறாங்க. யாரு சொன்னதுன்னு கேட்டேன். அந்தச் சந்தேகம் இருக்காளே, அவ சொல்றா, 'சார் பீரியட்ல இப்படித்தான் டீச்சர். விட்டா சாயும்.' உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சோம் டீச்சர்ங்கறாங்க."

நான் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரமாகக் காத்திருந்தேனே. அந்த மூன்று வாரமும் பிள்ளைகள் என் பேச்சைத் தட்டாமல், நான் இல்லாத வகுப்பில், தினமும் காலையில்... நான் நினைத்தது ஒன்று. நான் சொல்லிக்கொடுத்தது வேறு. அவர்கள் சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள்.

"மறந்துட்டேன்."

"நீங்க எதையும் மறக்க மாட்டீங்க."

தட்டை எடுத்துக்கொண்டு போனாள். குழாய் திறக்கும் சத்தம் வந்தது. ரொம்ப நேரம் மூடவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

காலையில் இவள் வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பிவிட்டாள். எதற்கு இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன். நேற்றிலிருந்து நாங்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அது.

"இன்னைக்கும் ஒரு தடவை திருப்பணுமாம், பெயின்ட்டுக்கு முன்னாடி. புள்ளைங்க முறையில என்னையும் சேத்திருக்காங்க. இன்னைக்கு என் முறை."

செருப்பை மாட்டினாள். நான் இருந்தவரை அந்த முறையில் என் பெயர் இருந்ததில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று, இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று சொல்வதோடு சரி.

"மேல ஈரம் இருந்தா தலையைப் புடிக்காத. இடுப்புல புடி" என்றேன்.

"ம்" என்றாள். படியிறங்கிப் போய்விட்டாள். எனக்குப் பட்டறைக்கு இன்னும் நேரமிருந்தது.